ஸ்டார்ட்டருக்கு வைத்த பொட்டு

என் தாய்மாமன் கஜேந்திரன் பொய் சொல்கிறார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "எங்க பொண்ணு கப்பு ஜெயிச்சது நான் வெச்ச பொட்டாலதான்" என்கிறார். நடந்ததை நான் சொல்கிறேன்.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் நகரியில் எங்களுடையது விசைத்தறி வீடு. திருப்பதியில் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். (வேலையும் தேடினேன். சார்ஜ் ஏறும் நேரத்தில்.) தறிச் சத்தத்தையே மிஞ்சும் ஃபேன் உள்ள கேமிங் லேப்டாப் என்னுடையது. திருப்பதியில் நடந்த ஒரு போட்டியில் எங்கள் நால்வர் அணி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அவரவர் லேப்டாப்பை அவரவரே கொண்டுபோக வேண்டும். ஒன்று ஓடாவிட்டாலும் அணி வெளியே. நானோ, "பொம்மை சுடறதுக்குக் கப்பா?" என்று சிரித்த தெருக்காரர்கள் அத்தனை பேரிடமும் கப்போடு வருவதாகச் சவால் விட்டிருந்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தறிகளுக்குப் பொட்டு வைத்த மாமா என் லேப்டாப்பையும் கேட்டார். மூடியின் மேல் ஒரு பொட்டு, உள்ளே கை வைக்கக் கூடாது என்று எச்சரித்துத்தான் கொடுத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மறுநாள் காலையில் எடுத்து பட்டனை அமுக்கினேன். பிணம். விளக்கு இல்லை, ஃபேன் இல்லை.

எனக்குத் தெரியாத வைத்தியமா? வேறு பிளக்கில் சொருகினேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தேன். அது ஏற்கெனவே அமுங்கித்தான் கிடக்கிறது என்பது இந்த மேதைக்கு அப்போது தெரியவில்லை. முந்தின வாரம் என் சார்ஜரை இரவல் வாங்கிய அணித் தோழி தேவி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தாள். பிடித்துக்கொண்டேன்.

"நீதாண்டி கெடுத்துட்ட! உங்க ஊட்டு வோல்டேஜு என் சார்ஜரைத் துன்னுடுச்சி!"

"ஆமாண்டி, எங்க ஊட்டு கரண்டுக்கு ரொம்பப் பசி. மொதல்ல பஸ்ல ஏறு."

புத்தூரில் பஸ் நின்றதும் அவள் பழி தீர்த்துக்கொண்டாள். (எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள வரும் ஊர் அது.) "எறங்கிக் காட்டிக்கினு போலாமா? பச்சிலை வெச்சிக் கட்டிவுடுவாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வரும் போலிருந்தது.

போட்டி மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரர் லேப்டாப்பை ஒரு முறை தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். "மதர்போர்டு போயிந்தி மேடம்." போய்விட்டதாம். எங்கள் அணியின் பெயரை அடிக்க ஒருவர் பேனாவோடு நின்றார். நான் கீபோர்டின் மேலேயே தலையைச் சாய்த்தேன்.

சந்தன வாசனை!

நிமிர்ந்தேன். குனிந்து மறுபடி முகர்ந்தேன். (மண்டபமே பார்த்தது. பார்க்கட்டும்.) பவர் பட்டனைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு. மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, உள்ள பொட்டு வெச்சியா?"

"மேலதாம்மா வெச்சேன்."

"மாமா!"

"தறில ஸ்டார்ட்டர் பட்டனுக்குத்தானே மொதல்ல வெப்போம்? அதுக்கு வெக்கலனா பூஜை இன்னாத்துக்கு? நீ கத்துவேன்னு அப்பவே தொடச்சிட்டேன்மா."

அவர் துடைத்தது மேலே இருந்ததை. இடுக்கில் இறங்கிய சந்தனம் காய்ந்து, துடைத்தபோது அமுங்கிய பட்டனை அப்படியே கவ்விக்கொண்டிருந்தது. தேவியின் துப்பட்டாவிலிருந்து ஊக்கைப் பிடுங்கிச் சுற்றிலும் சுரண்டினேன். 'டக்'கென்று பட்டன் மேலே வந்தது. அமுக்கினேன். ஃபேன் அலறியது. பேனாக்காரர் பேனாவை மூடினார். ரிப்பேர்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று எதிரில் வந்த ஒவ்வொருவனையும் மாமாவாக நினைத்துச் சுட்டேன். கோப்பை எங்களுக்குத்தான். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

இன்றும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும், "மாமா பொட்டு வெச்சாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அவருக்கு வெட்கமே கிடையாது. கோப்பைக்கும் ஒரு பொட்டு வைத்து, அதைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவர் அவர்.

மாமா, இதை நீ படிப்பாய். தை மாதம் என் தம்பி கல்யாணத்தில் மைக் இருக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். பந்தியில் காதோடு காதாகப் பேசும் வேலை வேண்டாம். மைக்கைப் பிடித்துச் சொல்: நான் ஜெயித்தது நீ பொட்டு வைத்ததாலா, அதை நான் சுரண்டி எறிந்ததாலா?