கப்பல் சாமியின் மோதிர விரல்

வணக்கம். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? இருமல், சளி, முழங்கால் வலி எல்லாம் பரவாயில்லையா? வலி இருப்பவர்கள் காலை நீட்டிக்கொண்டு படியுங்கள். இந்தக் கதையில் கால்களுக்குத்தான் அதிக வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். மலாயாவில், பாலோவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரு பந்து அணி. விடியலில் பாலுக்காக மரத்தில் வெட்டுப் போடுவார்கள், மத்தியானம் பாலை ஸ்டோரில் நிறுப்பார்கள், சாயங்காலம் வெறுங்காலில் பந்து உதைப்பார்கள். அந்த வருஷம் எப்படியோ குளுவாங் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கே வந்துவிட்டார்கள். உழைத்து வந்தோம் என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? அதற்கு ஒரு சாமி வேண்டாமா? வந்து சேர்ந்தார் கப்பல் சாமி.

காவி வேட்டி, கழுத்தில் சிப்பி மாலை. வலது கை மோதிர விரலில் மட்டும் தடியாக ஒரு மஞ்சள் கயிறு. கக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். ஆங்கிலப் பத்திரிகையில் இருந்து கிழித்த பக்கம். பதினொரு ஆப்பிரிக்க வாலிபர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் ஒரு பந்து. கீழே பொடி எழுத்தில் நிறைய விஷயம். அதைப் படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் யாரும் இல்லை. சாமிக்கும் தெரியாது. அதனால்தான் அவ்வளவு அழகாக விளக்கம் சொன்னார்.

"மேற்கு ஆப்பிரிக்கா. கோல்டு கோஸ்டு. நான் கப்பல்ல போயி நாலு வருசம் இருந்த ஊரு. இந்தக் கிளப்பு தோத்ததே கெடயாது. ஏன்?"

"ஏன் சாமி?" என்றது கூட்டம்.

"ஆரம்பிச்ச அன்னிக்கே மந்திரவாதி ஒருத்தன் ஆளுக்கொரு தாயத்து கட்டிட்டான். பந்து அவங்க கோலுக்குள்ள போவணும்னு நெனச்சாலே வெடிச்சிரும். அந்த மந்திரவாதி எனக்குத்தான் வித்தைய குடுத்துட்டுச் செத்தான்."

தாயத்து ஒன்றுக்குக் கட்டணம் ஒரு விடைக்கோழி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோழி கொக்கரிப்பது குறைந்துகொண்டே வந்தது. சாமியின் கன்னம் மினுமினுத்துக்கொண்டே வந்தது. பந்துப் பயிற்சியும் நின்றது. சாயங்காலம் பூசை இருக்கும்போது எவன் உதைப்பான்?

ஒருவன் மட்டும் கோழி கொடுக்கவில்லை. முன்னால் ஆடும் வீரமுத்து. அந்த வருஷம் அணி போட்ட கோலில் பாதி அவன் கால் போட்டது.

"சாமி, பந்து வெடிக்கும்னா நம்ம பந்து ஒண்ணுதானே இருக்கு, அப்பறம் எத வெச்சு ஆடறது?" என்று கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை.

மறுநாள் சாமிக்கு அருள் வந்தது. "அணியில ஒருத்தனுக்குச் சனி புடிச்சிருக்கு. பதினோரு மங்குல பால் கொண்டாங்க."

மங்கு என்றால் மரத்தடியில் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம். பதினொன்றையும் வரிசையாக வைத்தார்கள். சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. சாமி ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு மங்கிலும் மோதிர விரலை விட்டுக் கலக்கினார். பத்து மங்குகளில் பால் பாலாகவே இருந்தது. வீரமுத்து பெயர் சொன்ன மங்கில் விரலை அழுத்திக் கலக்கினார். பால் திரிதிரியாகச் சுருண்டு கட்டியாகிவிட்டது.

"ஐயோ" என்றது கூட்டம்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்த ஜனங்கள் யார்? தினமும் மரத்துப் பாலை ஸ்டோருக்குச் சுமந்து போகிறவர்கள். அங்கே அதில் தண்ணீர் கலந்த ஆசிட்டை ஊற்றினால் மறுநாள் காலையில் கட்டியாகும் என்று பால்குடி மறக்காத பிள்ளை முதல் அறிந்தவர்கள். ஆனால் ஒரு ராத்திரி பிடிக்கும் வேலை இங்கே கண் இமைப்பதற்குள் நடந்ததே, அப்படியானால் அது தெய்வச் செயல் இல்லாமல் வேறு என்ன? ஸ்டோரில் நடந்தால் வேலை, சாமி கையில் நடந்தால் அற்புதம்.

அணியை நடத்தியவர் மணியம் கங்காணி. அன்றைக்கே வீரமுத்துவை அணியில் இருந்து நீக்கினார். அதோடு விட்டாரா? தை மாதம் அவனுக்கும் தன் மகள் புஷ்பவள்ளிக்கும் வைத்திருந்த கல்யாணத்தையும் நிறுத்தினார்.

"சனி புடிச்சவனுக்குப் பொண்ணு குடுத்தா எங்குடும்பமே கட்டியாப் போயிரும்லா."

புஷ்பவள்ளி சமையலறையில் இருந்து கேட்டாள். "அப்பா, எம்பேர்ல ஒரு மங்கு வெச்சுப் பாத்தீங்களா?"

"வாய மூடு புள்ள."

வீரமுத்து தனியாக வேலியோரம் நின்று ஒரு தேங்காய் மட்டையை உதைத்துக்கொண்டிருந்தான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். பால் நிறுக்கும் நேரம். புதிய பதினொருவருக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஸ்டோர் வாசலிலேயே மங்குகளை வைத்தார்கள். கூட்டத்தோடு செல்லமும் வந்து நின்றாள். வீரமுத்துவின் அக்கா. ஸ்டோரில் எட்டு வருஷமாக ஆசிட் அளந்து ஊற்றுகிறவள். சாமி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தபோது அவள் கண் அந்த மோதிர விரலில் நின்றது. நுனி வெள்ளை வெளேரென்று தோல் உரிந்திருந்தது. செல்லம் தன் விரலைப் பார்த்தாள். அதுவும் அப்படியே இருந்தது.

"கங்காணி, எந்தம்பி பேர்லயும் ஒரு மங்கு வைக்கச் சொல்லுங்க. சனி இன்னும் இருக்கா போயிருச்சான்னு பாத்துருவோம். ஆனா ஒண்ணு, சாமி கையக் கழுவிட்டுச் செய்யட்டும்."

"தீட்ச வாங்குன கை," என்றார் சாமி. "தண்ணி படக்கூடாது."

"நேத்து எங்க பக்கத்து வீட்டுக் கோழியத் தின்னுட்டு மூணு சொம்புத் தண்ணியில கழுவுனீங்களே. அது இடது கையா?"

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், போய் ஒரு சவுக்காரக் கட்டியோடு வந்தார்.

"இந்தாங்கோ. ஆஸ்பத்திரிச் சவுக்காரம். கிருமியைத்தான் கொல்லும், மந்திரத்தை ஒண்டும் செய்யாது."

சாமி கங்காணியைப் பார்த்தார். கங்காணி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சவுக்காரத்தைப் பார்த்தது.

"கழுவுங்க சாமி," என்றார் கங்காணி. "ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாது பாருங்க."

சாமி நுனிவிரலை நனைத்தார். செல்லம் விடவில்லை, சொம்பைக் கவிழ்த்தாள். கயிறு நெகிழ்ந்தது. உள்ளே இருந்து கட்டைவிரல் நகம் அளவு பஞ்சு ஒன்று கீழே விழுந்தது. புளித்த நெடி மூக்கில் ஏறியது. தண்ணீர் கலக்காத ஆசிட். அந்த நெடி அங்கே யாருக்குத் தெரியாது?

"இப்ப செய்யுங்க."

சாமி வீரமுத்து பெயரைச் சொல்லி விரலை விட்டுக் கலக்கினார். இன்னும் கலக்கினார். பால் பாலாகவே இருந்தது. செல்லம் ஒரு குச்சியால் பஞ்சை எடுத்தாள்.

"இது மணியம் கங்காணி பேருக்கு," என்று ஒரு மங்கில் பிழிந்தாள். பால் சுருண்டது. "அடடா, உங்களுக்கும் சனி. பொண்ணு யாரு குடுத்தா உங்களுக்கு?"

கங்காணியின் சம்சாரமே முதலில் சிரித்தாள்.

சாமி கப்பலே ஏறியதில்லை. யோங் பெங் பக்கம் வேறொரு தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் கலக்கிக்கொண்டிருந்தவர் என்று அப்புறம் தெரிந்தது. சிவசம்பு அந்தச் சட்டத்தை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே. கேளுங்கோ. துறைமுகத்தில மூட்டை தூக்கினவை தொடங்கின கிளப். முதல் ரெண்டு வருசமும் எல்லா ஆட்டமும் தோல்வி. ஒருக்கா ஒன்பது கோல் வாங்கியிருக்கினம்."

"தோத்ததே கெடயாதுன்னாரே?" என்றார் கங்காணி.

"பொறுங்கோ. பிறகு ஆளுக்கொரு தாயத்துக் கட்டினவை. அப்பவும் தோல்வி. எல்லாத்தையும் கழட்டிக் கடல்ல எறிஞ்சுபோட்டு, விடிய முன்னம் கடற்கரை மணல்ல ஓடத் தொடங்கினவை. வாங்கின ஒவ்வொரு கோலும் ஏன் வாங்கினதெண்டு சுவரில எழுதி வைச்சவை. அதுக்குப் பிறகு மூண்டு வருசத்தில ஒரே ஒரு தோல்வி. இவ்வளவுதான். கருவாடு சுத்தின கடுதாசி போலக் கிடக்கு, மணக்குது."

தன் வண்டவாளத்தைத் தானே சட்டம் போட்டுச் சுமந்த சாமி, படத்தையும் விட்டுவிட்டு, மீதிக் கோழிகளையும் விட்டுவிட்டு, ரப்பர் மர நிரைக்குள் மறைந்தார். ஓட்டம் பிரமாதம். அணியில் சேர்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காணி வீரமுத்துவின் வீட்டு வாசலுக்குப் போனார்.

"ரயிலுக்கு நேரமாச்சு, மாப்ள."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான் வீரமுத்து எழுந்தான்.

ஜெயித்தார்களா என்று கேட்கிறீர்கள். தோற்றார்கள். மூன்றுக்கு இரண்டு. இரண்டையும் போட்டது வீரமுத்து. பத்துப் பேருக்கு மூச்சு வாங்கியது, இரண்டு வாரம் பந்தைத் தொடவில்லை அல்லவா? மறுநாளே ஸ்டோர்ச் சுவரில் கரிக்கட்டையால் மூன்று வரி எழுதினார்கள். மூன்றிலும் ஒரே காரணம்: ஓடவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் கோப்பையும் வந்தது. அதற்கு எந்தச் சாமியும் கோழி கேட்கவில்லை.

உங்கள் ஊருக்கு வந்த சாமி எதைக் கட்டியாக்கினார், எத்தனை கோழி தின்றார் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அவர் கையைக் கழுவச் சொன்னது யார் என்றும் மறக்காமல் எழுதுங்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால், கோழிக்கு மட்டுமாவது அனுதாபம் சொல்லி நாலு வரி எழுதுங்கள். உங்கள் புத்திக்குப் பதிலாக உயிரைக் கொடுத்தது அதுதானே.