எக்ஸ்ரே படமும் டோக்கன் போன வழியும்

பெருமதிப்பிற்குரிய ஷிவோயின் மாமாவுக்கு, தங்கை மகள் யஸ்மின்கா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாமா, ஜெயித்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படங்களைக் கிளவுடு என்கிற இணையக் கிடங்கில் ஏற்றி நீஷ் நகரத்து டாக்டர் உடனே பார்க்கும்படி செய்வாள் என்று என்னை நம்பி டைரக்டர் தெசாங்கா அம்மாவிடம் வாக்குக் கொடுத்தீர்களே, அது இன்று காலை நடந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஓடாவிட்டால் பழையபடி படங்களை சிடியில் போட்டு ஆம்புலன்சில் அனுப்புவோம், உன்னையும் வீட்டுக்கு அனுப்புவோம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

இங்கிருந்து எது வெளியே போனாலும் பிராக்சி என்கிற ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும், மற்ற பக்கமெல்லாம் ஃபயர்வால் என்கிற தடுப்புச் சுவர். படங்களுக்கு நான் வாசலைக் காட்டியிருந்தேன், அவை சமர்த்தாக வரிசையில் நின்றன, ஆனால் உள்ளே விட கிளவுடு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு டோக்கன் கேட்குமே, அதை வாங்கப் போகிற ஆள் தனி, அவனும் ஒரு புரோகிராம்தான், அவன் வாசல் பக்கமே போகாம நேராப் போய் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னிருக்கான், நான் இத்தனை நாளா படத்தையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன் மாமா. நெட்வொர்க்கைப் பாத்துக்கிற மியோத்ராக் கிட்ட கேட்டா, "ஏம்மா, எல்லாரும் வாசல் வழியா வர்றாங்க, உன் ஆளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"ன்னு நக்கல். இன்னைக்கு அந்த ஆளுக்கும் பிராக்சி முகவரிய எழுதிக் குடுத்துட்டு பட்டனைத் தட்டினேன். ஒரு பெரியவரோட நெஞ்சுப் படம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள நீஷ் போயிடுச்சு. டாக்டரே போன் பண்ணி, "நுரையீரல் பளிச்சுன்னு தெரியுது"ன்னாரு. தெசாங்கா அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு கன்னத்துல மூணு முத்தம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் குலப் புனிதர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற முழங்காலும் அருளட்டும். மியோத்ராக் வீட்டில் இன்று குலப் புனிதர் விருந்து. மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் பேரைக் காப்பாற்றிய,
யஸ்மின்கா

பி.கு.: விருந்தில் மியோத்ராக் எனக்கு ரக்கியா என்கிற பழச் சாராயம் ஊற்றிக்கொண்டே, "விருந்தும் அதுவுமா, 'அது போகல, இது வரல'ன்னு எவனும் எனக்கு போன் பண்ணிடக் கூடாதுன்னு காலைலயே ஃபயர்வால முழுசாத் தெறந்து விட்டுட்டேன்" என்றான். கரண்டியைக் கீழே வைத்தேன். "இப்ப மூடு" என்றேன். போனிலிருந்தே மூடினான். அடுத்த படம் அங்கேயே நின்றது. நான் எழுதிக் கொடுத்த முகவரியை டோக்கன் ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காலையில் சுவர் திறந்து கிடந்ததால்தான் நேராகப் போயிருக்கிறான். இதை ஆம்புலன்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், மடி நிறைய சிடி. தெசாங்கா அம்மா போன் செய்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள்.