ஐரோப்பாவும் நாலு ஊர்த் திருவிழாவும்

உலகத்திலேயே ஐரோப்பாவை அதிகமாக நேசித்த மனிதர் ஓசூரில்தான் இருந்தார். ஐரோப்பாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அதன்மேல் அவ்வளவு பாசம் இருந்திருக்காது. கூடவே இருந்தால் குறையும் கண்ணில் படுமே. இவர் மூன்றே மாதம் இருந்துவிட்டு வந்தவர்.

எங்கள் தொழிற்சாலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர். புது மெஷினைப் பழகிவரச் சொல்லி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போகும்போது அம்மா அப்பா வைத்த பெயரோடுதான் போனார். திரும்பி வந்தபின் அந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தாலும், டவுன் பஸ் நிற்காமல் போனாலும், "ஐரோப்பாவுல இப்படியா?" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் பெயரே ஐரோப்பா என்றாகிவிட்டது. அங்கே சாம்பார் எப்படி அண்ணே இருக்கும் என்று கேட்ட வெல்டரோடு அவர் ரொம்ப நாள் பேசவில்லை.

அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பாட்டுக் கச்சேரி அரங்கம் நடத்தியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரையும் ஒரு கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பல ஊர் அரங்கக்காரர்கள், திருவிழாக்காரர்கள் எல்லாம் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ரொட்டி தின்று, சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றி அரசாங்கத்திடம் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் பேசுவது என்று முடிவெடுத்தார்களாம். நம்மவர் வாழ்க்கை அன்றோடு திசைமாறியது.

"அவங்க பேசுனது ஒண்ணும் புரியல தம்பி. ஆனா ஒருத்தனும் ஒருத்தன் சட்டையப் புடிக்கல. அங்கதான் நான் அசந்துட்டேன்" என்பார்.

அவர் அசந்ததில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் பக்கத்தில் திருவிழாக் கச்சேரி நடத்தும் நாலு ஊர்களில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே நாளில் ஒரே ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, நடு ரோட்டில் அதன் வேனை மறித்தார்கள். இழுபறியில் ஒரு ஊருக்குப் பாட்டுக்காரர்கள் கிடைத்தார்கள், இன்னொரு ஊருக்குக் கீபோர்டும் டிரம்ஸும் கிடைத்தன. அன்றைக்கு ஒரு மேடையில் இசையில்லாத பாட்டு, இன்னொரு மேடையில் பாட்டில்லாத இசை. இரண்டு ஊரும் தங்கள் கச்சேரிதான் சூப்பர் என்று சாதித்ததுதான் விசேஷம்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் கடுப்பாகிவிட்டார். நாலு ஊர்க்காரர்களும் சண்டையில்லாமல் ஒரே இடத்தில் நின்று காட்டும்வரை எந்த ஊருக்கும் மைக் பர்மிஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்கும் நம் ஆட்கள் தனித்தனியாகப் போய், எங்களுக்கு மட்டும் கொடுங்கள், பக்கத்து ஊருக்கு வேண்டாம் என்று கேட்டுவிட்டு வந்தார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது மானப் பிரச்சினை. விருதுநகரிலிருந்து பிழைக்க வந்து, ஒரே வாடகை ரூமில் ஷிஃப்டுக்கு ஒருவராகப் பாயை மாற்றிக்கொண்டு படுத்த என்னைப் போன்றவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வருஷம் முழுக்க மெஷின் சத்தம் கேட்ட காதுக்கு மனுஷச் சத்தம் கிடைத்தது அந்தத் திருவிழாக் கச்சேரிகளில்தான். தமிழ்ப் பாட்டு, கன்னடப் பாட்டு, தெலுங்குப் பாட்டு எல்லாம் வரும். எந்தப் பாட்டுக்கும் விசிலடிப்போம். அதுவும் இல்லையென்றால் அந்த ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது?

அங்கே பார்த்த மாதிரியே நாலு ஊருக்கும் ஒரு கூட்டமைப்பு அமைக்க ஐரோப்பா களத்தில் இறங்கினார். ஜெர்மனியில் வாங்கிய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, மொபெட்டில் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, நாகரசம்பட்டி, பாரூர் என்று சித்திரை வெயிலில் சுற்றினார். கோட்டைக் கழற்றுங்கள் அண்ணே என்றால், கூட்டமைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பார். நாலு ஊர் விழாக்குழுத் தலைவர்களையும் தன் வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்ததே பெரிய சாதனை. வட்ட மேஜைக்கு எங்கே போவது? தொழிற்சாலையில் கேபிள் சுற்றி வந்த பெரிய மரச் சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வாசலில் படுக்கப் போட்டார்.

தலைவர்கள் வந்தார்கள். சக்கரத்தைச் சுற்றி வந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

பாரூர்க்காரர்தான் கேட்டார். "வட்டமா உக்காந்தா தலைமாடு எது, கால்மாடு எதுங்க? மொதத் துண்டு யாருக்குப் போடுவீங்க?"

ஐரோப்பா பெருமையாகச் சொன்னார். "ஐரோப்பாவுல துண்டே கெடையாதுங்க."

"துண்டு கெடையாதா? அப்பறம் என்னாத்துக்கு எங்கள வரச்சொன்னீங்க?"

போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் நாலு பேரும் நாலு திசையில் போனார்கள்.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் கூட்டமைப்பு உருவாகிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, தலைவராகவும் பொறுப்பேற்றுக்கொண்டார். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் போன் போட்டு, இனி எந்த ஊருக்கு எந்தத் தேதி என்று நான்தான் சொல்வேன் என்றார். நாலு ஊருக்கும் ஒரே ஜெனரேட்டர் போதும் என்று ஊர் ஊராகப் போய் அறிவித்தார். பாட்டுக்காரப் பெண்களுக்கு மேடைக்குப் பின்னால் பாத்ரூம் கட்டச் சொல்லி இடத்தையே அளந்தார். நாகரசம்பட்டியில் அளக்கும்போது எங்களைத் துரத்தினார்கள். மொபெட் ஸ்டார்ட் ஆகாமல் நான் இறங்கித் தள்ளிய தூரம் எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. துணைக்கு நானும் போனேன். உள்ளே நாலு ஊர்த் தலைவர்களும் ஒரே பெஞ்சில், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கோட்டுக்காரர் தொல்லை தாங்கவில்லை, ஊருக்குள் வரவிடாமல் செய்யுங்கள் என்று ஒரே குரலில் புகார். ஐரோப்பா தலைகுனிந்து நின்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு ஊரும் ஒண்ணாவா வந்தீங்க?"

"ஆமாங்க சார். ஒரே வண்டிதான். டீசல் விக்கிற வெலைக்கு..."

"வழியில சண்ட?"

"அதுக்கு எங்க சார் நேரம்? இந்தாளு தேதி போடறதுக்குள்ள நாங்களே போட்டுரணும்னு பேசிக்கினே வந்தோம். ஆளுக்கொரு வாரம்னு முடிவாயிருச்சு."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாலு ஊருக்கும் பத்து மணிவரை மைக்குக்கு அனுமதி கொடுத்தார். கோட்டுக்காரரை மேடையில் ஏற்றக்கூடாது என்று தலைவர்கள் நிபந்தனை போட்டார்கள். அதற்கும் சரி என்றார்.

வெளியே வந்ததும் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா தம்பி? நாலு பேரும் ஒரே பெஞ்சுல."

முதல் கச்சேரி உத்தனப்பள்ளியில். பாட்டும் இசையும் ஒரே மேடையில் இருந்தன. நாலு தலைவர்களுக்கும் நாலு பேர், ஒன்று இரண்டு மூன்று சொல்லி, ஒரே நேரத்தில் துண்டு போட்டார்கள். முதல் துண்டு யாருக்கு என்பதே இல்லாமல் போனது. ஐரோப்பா கூட்டத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் கோட்டோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. திருவிழாக் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து கோட்டின்மேல் போர்த்தினேன்.

"இது யாரு சார்பா தம்பி?"

"ரூம் பசங்க சார்பா அண்ணே."

ஐரோப்பாவில் துண்டு கிடையாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ கச்சேரி முடியும்வரை அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

இப்போதும் எந்த ஊரில் கச்சேரி கேட்டாலும் நான் முதலில் மேடையைப் பார்ப்பதில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு நிற்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.