சாக்ஸஃபோன் காட்டிக்கொடுத்த கொலையாளி

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசலாம், மிதமாகப் பாடலாம், ஆனால் இரையக்கூடாது என்பது அந்த நகராட்சியின் சட்டம். புல்வெட்டுவது, சுவரில் துளை போடுவது, காலி பாட்டில்களைத் தொட்டியில் எறிவது எல்லாம் இரைச்சலில் சேர்த்தி. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது, ரைன்ஹில்ட் ஓஸ்டர்காம்ப் அம்மையார் இணைய வானொலி தொடங்கும் வரையில்.

ஆயுள் முழுக்கப் பொய்ப்பல் செய்துவிட்டு ஓய்வு பெற்றவர் ரைன்ஹில்ட். துணி துவைக்கும் எந்திரம் இருந்த அறையில் ஒரு மைக்கையும் இசைத்தட்டுப் பெட்டியையும் வைத்துக்கொண்டு ஞாயிறு மதியங்களில் ஒலிபரப்பினார். முதலில் ஒரு பழைய வானொலி நாடகம், பிறகு ஒரு ஃப்ரீ ஜாஸ் தட்டு. ஃப்ரீ ஜாஸ் என்பது தாளத்தையும் மெட்டையும் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து வாசிக்கிற சங்கதி. இரண்டையும் ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால், இரண்டையுமே யாரும் கேட்பதில்லை, தனித்தனியாகக் கேட்காமல் இருப்பதற்குச் சேர்த்தே கேட்காமல் இருக்கட்டும் என்பார்.

ஒருவர் மட்டும் தவறாமல் கேட்டார். எகோன் லூட்டிஷ், எண்பது தாண்டியவர், முதியோர் இல்லத்தில் இருந்தார். அந்தத் தட்டுகளில் ஒன்றில் சாக்ஸஃபோன் வாசித்தவரே அவர்தான். நிகழ்ச்சி முடிந்ததும் போன் செய்து, இந்த வாரமும் மோசம், அடுத்த வாரமும் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வைப்பார். ரைன்ஹில்டுக்கு அது போதும்.

வினை, ஐந்து பாகமுள்ள ஒரு துப்பறியும் நாடகத்தால் வந்தது. ஏரிக்கரை வீட்டில் ஒரு வியாபாரி நிலவறைப் படிக்கட்டின் அடியில் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் மூவர் மேல்: டாக்டர், அண்ணன் மகன், மருந்துக்கடைக்காரி. நான்காம் பாகத்தில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூட்டி, "கொலையாளி யாரென்றால்" என்று தொண்டையைச் செருமுகிறார். ஐந்தாம் பாகம் கிடையாது. பழைய வானொலி நிலையத்தார் அந்த நாடாவின் மேல் கால்பந்து வர்ணனையைப் பதிந்துவிட்டார்கள். நேயர்களை அந்தரத்தில் விட மனமில்லாமல், ஒன்றும் சொல்லாமல், அந்த இடத்தில் எகோனின் தட்டைப் போட்டார் ரைன்ஹில்ட். சாக்ஸஃபோன் கதறியது, டிரம் உருண்டு விழுந்தது. அன்று பார்த்து ஜன்னல் திறந்திருந்தது. யாரையோ கழுத்தை நெரிக்கிறார்கள், அரை மணி நேரமாகியும் அந்த ஆள் சாகவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து போலீசுக்குப் போன் போனது.

போலீசார் வந்து பார்த்து, பிணம் இல்லாததால் விஷயத்தை நகராட்சியின் செவியமைதிப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு திருவாளர் க்வாஸ்ட் வந்தார். சத்தத்தை அளக்கும் கருவி வரம்புக்குள்தான் காட்டியது. ஆனால் அவருடைய கவலை அளவு அல்ல, இனம்.

"இது பேச்சா, இசையா, இரைச்சலா? இரைச்சல்னா இன்னையோட நிறுத்திடணும்மா."

"இசை சார்."

"யார் சொன்னது?"

ரைன்ஹில்ட் எகோனுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் எகோன் நிதானமாகச் சொன்னார்: "அம்பது வருஷமா பத்திரிகைக்காரங்க இசை இல்லைன்னுதான் எழுதுறாங்க. அரசாங்கம் என்ன சொல்லப்போகுதுன்னு நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இந்தப் பதிலை வைத்து எந்தக் கோப்பையும் மூட முடியாது. எனவே சூழலோடு பொருத்திக் கேட்டாக வேண்டும் என்று முடிவு செய்த க்வாஸ்ட், துவைக்கும் எந்திரத்தின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாடகத்தை முதல் பாகத்திலிருந்து கேட்டார். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமியதும் சாக்ஸஃபோன் ஆரம்பித்தது. க்வாஸ்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மருந்துக்கடைக்காரி," என்றார்.

"என்ன சார்?"

"கொன்னது மருந்துக்கடைக்காரிதான். அந்தக் குழல் ஒரு எடத்துல இழுத்து இழுத்துச் சொல்லுதே, உங்களுக்குக் கேக்கலையா?"

உண்மையைச் சொன்னால் அது வெறும் தட்டு. வெறும் தட்டென்றால் இரைச்சல். இரைச்சலென்றால் எகோனுக்கு ஞாயிறு இல்லை.

"கேக்குது சார்," என்றார் ரைன்ஹில்ட்.

ஐவர் குழு அமைக்கப்பட்டது. ஒருவருக்கு டாக்டர் என்று கேட்டது, ஒருவருக்கு அண்ணன் மகன். ஏதோ ஒன்று சொல்லப்படுகிறது என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. அரசு ஆவணத்தில் ஒரே கொலைக்கு மூன்று கொலையாளிகள் இருப்பது அழகல்ல என்பதால் வாக்கெடுப்பு நடந்தது. மருந்துக்கடைக்காரி மூன்றுக்கு இரண்டு என்று வென்றாள். ஆணை வந்தது: "மேற்படி ஒலியானது ஒரு நபர்மீது குற்றஞ்சாட்டும் தன்மையுடையதாகவும், குற்றஞ்சாட்டுதல் பேச்சின்பாற்பட்டதாகவும் இருப்பதால், மேற்படி ஒலி பேச்சே எனத் தீர்மானிக்கப்படுகிறது."

சாக்ஸஃபோன் பேசுகிறது என்று அரசே சொல்லிவிட்ட செய்தி பத்திரிகையில் வந்தது. முந்தின வருஷம் வீட்டில் புளித்தமாவு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ரொட்டியை விட்டுவிட்டுச் சாக்ஸஃபோனுக்கு வந்தார்கள். காப்பிக்கடைகளில் ஞாயிறு மதியம் தாடிக்கார இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொலையாளியைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்ற அப்பாவிகளை, காதைப் பழக்கவேண்டும் என்று பரிவோடு தேற்றினார்கள். "மருந்துக்கடைக்காரிதான்" என்று அச்சடித்த துணிப்பைகள் தெருவெல்லாம் நடமாடின.

அந்த ஊரில் நிஜமாகவே ஒரு மருந்துக்கடைக்காரி இருந்தார். பெயர் இம்கே பிராண்ட்ஹோர்ஸ்ட். முதலில் வாடிக்கையாளர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிப் பார்த்தார்கள். பிறகு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். ஒருநாள் இம்கே ரைன்ஹில்டின் கதவைத் தட்டினார்.

"நான் யாரையும் கொல்லலைங்க. ஒரு இருமல் மருந்து குடுத்தாக்கூட, நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்கன்னு சொல்றாங்க. எதாவது பண்ணுங்க."

அடுத்த ஞாயிறு ரைன்ஹில்ட் நாடகத்துக்கு முன்பே மைக்கைப் பிடித்தார். அசல் ஐந்தாம் பாகம் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒலிபரப்பில் கேட்டார். கிராஸ் நகரத்திலிருந்து ஒரு நேயர், தன் அப்பா வானொலிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்த நாடா ஒன்றை அனுப்பினார். அதில் தடதடவென்று யாரோ படியில் விழும் சத்தம். பிறகு இன்ஸ்பெக்டர், "கொலையாளி யாரென்றால், யாருமில்லை. நெத்திலி ஊறுகாய் எடுக்கப் போனவர் கால் இடறி விழுந்திருக்கிறார். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். அவ்வளவுதான்.

மறு ஞாயிறு அதையே ஒலிபரப்பிய ரைன்ஹில்ட், இதுவரை கேட்டது சம்பந்தமில்லாத ஓர் இசைத்தட்டு என்பதையும் சொல்லி, இம்கே அம்மாளை நிம்மதியாக விடும்படி கேட்டுக்கொண்டார்.

போன் ஓயவில்லை. காப்பிக்கடைக்காரர்கள், இது பாமர ரசனைக்குச் செய்துகொண்ட சமரசம் என்றார்கள். திங்கட்கிழமை காலை க்வாஸ்ட் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இதுதான் அசல் முடிவு சார்."

"அசலா இருக்கலாம்மா, ஆனா செல்லாது. விபத்துன்னா, நாங்க பேச்சுன்னு ஒத்துக்கிட்டது பொய்ப் பேச்சாயிடும். பொய்ப் பேச்சுக்கு எங்க ஆபீஸ்ல பிரிவே கெடையாது."

"அப்ப என்ன செய்யறது?"

"ஆளு படியில உருண்டு விழற சத்தம் வருதில்ல, அது இரைச்சல். ஞாயித்துக்கெழமையில தடை. சாக்ஸஃபோனுக்குத் தடை இல்லை."

ஊர் இன்னும் சுருக்கமாகத் தீர்ப்புச் சொன்னது. குற்றமில்லாதவள் முடிவை மாற்ற ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? நேற்றுவரை டாக்டர் கட்சியில் இருந்தவர்கள்கூட மருந்துக்கடைக்காரி பக்கம் சாய்ந்தார்கள். இம்கே மறுபடி வந்தார். இந்த முறை உட்காரக்கூட இல்லை.

"தயவுசெஞ்சு அந்தக் குழலையே திரும்பப் போட்டுடுங்க. அதுல பாதிப் பேராவது டாக்டர்னு நெனச்சாங்க."

ரைன்ஹில்ட் போட்டார். மறு ஞாயிறு சாக்ஸஃபோன் கதறியது, ஊர் அமைதியானது. பாதிப் பேர் மெதுவாக டாக்டரிடம் திரும்பினார்கள், அந்தப் பாதிப் பேர் இருமல் மருந்துக்கு இம்கேயிடமும் திரும்பினார்கள். க்வாஸ்ட் ஒழுங்காகக் கோப்பை மூடினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் எகோன் வழக்கம்போலக் கூப்பிட்டார். இந்த வாரமும் மோசம் என்றார். ரைன்ஹில்டுக்கு யாரிடமாவது மனதைக் கொட்ட வேண்டும்போல இருந்தது.

"ஊரே பைத்தியமாயிடுச்சு எகோன். நீங்களாவது சொல்லுங்க. வாசிச்சது நீங்க. அதுல யாரும் யாரையும் கொல்லலைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

மறுமுனையில் எகோன் தொண்டையைச் செருமினார்.

"வாசிக்கறப்ப எனக்கும் தெரியலை," என்றார் எகோன். "இப்பத்தான் தெளிவாக் கேக்குது. அண்ணன் மகன்தான் கொன்னான்."

ரைன்ஹில்ட் போனை வைத்துவிட்டு வெகுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட கலைஞர், அவருக்குப் போய் இப்படிக் கேட்கிறதே என்று வியந்தார். குத்துக்கல்லாட்டம் அந்த டாக்டர் நிற்கும்போது, பாவம், அண்ணன் மகனைப் போய்ச் சொல்கிறாரே.