கூரை மைக்கும் பதினோரு நிமிடமும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். மனசு எப்படி இருக்கிறது என்பதை இந்தக் கடிதமே சொல்லும். அங்கே நீங்கள், சம்பந்தி அம்மாள், மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீங்கள் கோபமில்லாமல் இருக்க வேண்டும். போனில் ஒரு வார்த்தை பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். முப்பத்து நாலு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் டெஸ்ட் பண்ணிப் பிழைத்தவன் நான். ஆனால் போன வியாழக்கிழமையிலிருந்து டெலிபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

நீங்கள் பெருந்தன்மையாக எங்களுக்குக் கொடுத்த கார் இருக்கிறதே, அதிலிருந்த ஸ்டீரியோ போன மாதம் வாயை மூடிக்கொண்டது. தொட்டால் படம் மாறுகிற தினுசில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் நல்ல மனிதர், பெட்டியைப் பிரித்ததுமே, "இதுலயே புது ஆன்டெனா, போன் பேச புது மைக் எல்லாம் குடுத்திருக்கான் சார். ஆன்டெனாவைக் கண்ணாடியில ஒட்டிடலாம், மைக்கை ஸ்டீயரிங் பக்கத்துல மாட்டிடலாம்" என்றார். நான் விடுவேனா? "கூரையில கம்பெனிக்காரன் வச்ச ஆன்டெனா இருக்கு, தலைக்கு மேல அவனே வச்ச மைக் இருக்கு. இது என் சம்பந்தி கொடுத்த கார். அதுல ஒரு சாமானும் வீணாகக் கூடாது" என்றேன். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்பதற்கு அந்த மெக்கானிக்கே சாட்சி, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

அவரும் டாஷ்போர்டைக் கழற்றி, கொத்தாக வயரை வெளியே இழுத்துப் போட்டு, ஆன்டெனா பிளக் சேராமல் அதற்கு ஒரு இணைப்பு தேடிக் கொண்டுவந்து மாட்டி, கடைசியில் ஒரு நீல வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆன்டெனாவுக்கு அடியில சின்னதா ஒரு பூஸ்டர் இருக்கு சார். இந்த நீல வயர்லேருந்து கரண்ட் குடுத்தாத்தான் அது வேலை செய்யும்." "ஆன்டெனான்னா வெறும் கம்பி. கம்பிக்கு எதுக்குங்க கரண்ட்? அதை விட்டுடுங்க" என்றேன். "சார், அந்த மைக்குக்கும் இதே மாதிரி…" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மைக்கைப் பத்தி என்கிட்ட பாடம் எடுக்காதீங்க. எங்க எக்ஸ்சேஞ்சுல பேச்சும் கரண்டும் ஒரே ஜோடி வயர்லதான் போகும். ரெண்டு வயர். முறுக்குங்க, டேப் சுத்துங்க, முடிஞ்சுது வேலை." அவர் டேப்பை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "சார் சொன்னா சரி" என்றார். அதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்றதற்கும், டெஸ்ட் பண்ணியே காலத்தை ஓட்டியாச்சு, இனி வேண்டாம் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ரேடியோவில் எந்த ஸ்டேஷனைத் தொட்டாலும் இரைச்சல். வழியெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு போக முடியாமல் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டேன். இன்னொரு காரியமும் செய்தேன். என் செல்போனை அதோடு இணைத்திருந்தேன்; போன் வந்தால் ஐந்து நொடியில் ஸ்டீரியோ தானாகவே எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு வசதி இருந்தது, வண்டி ஓட்டும்போது கை எடுக்க வேண்டாமே என்று அதையும் தட்டி வைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான்.

வியாழக்கிழமை காலை கண் டாக்டரிடம் போகிறோம். நான் ஓட்டுகிறேன், என் மனைவி பக்கத்தில். பேச்சு எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் சொன்னார்களே, அடுத்த மாதத்திலிருந்து இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருக்கலாம் என்று, நீங்களும் வீடு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றீர்களே, அதேதான். பேசினோம், பேசினோம், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பப் போகிறேன், திரையில் பளிச்சென்று 'சம்பந்தி' என்று நிற்கிறது. பக்கத்தில் பதினோரு நிமிடம், நாற்பத்திரண்டு நொடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. சத்தத்தைக் குறைத்து வைத்ததால் நீங்கள் கூப்பிட்டதும் எனக்குக் கேட்கவில்லை, உங்கள் குரலும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் குரல்? தலைக்கு நேர் மேலே மைக், அதுவும் கம்பெனி மைக். மூச்சு விட்டாலே பிடிக்குமே! அன்றைக்கு டாக்டர் போர்டில் முதல் வரியைப் படிக்கச் சொன்னார், எனக்கு அங்கேயும் பதினொன்று நாற்பத்திரண்டுதான் தெரிந்தது.

வெயில் ஜாஸ்தி என்று சொல்வதற்குக்கூடக் கூப்பிடுகிற நீங்கள், இன்றோடு நாலு நாளாகக் கூப்பிடவில்லை. காரணம் எனக்குத் தெரியாதா? ஆகவே நீங்கள் கேட்டதையெல்லாம் நானே ஒப்புக்கொண்டு விளக்கிவிடுகிறேன். 'அந்த மனுஷன் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சா ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்' என்றேன். சொன்னது உண்மை, ஆனால் ஆசையாகத்தான் சொன்னேன். குறட்டையைப் பற்றியும் சொன்னேன். 'அவர் மேல படுத்தாலும் கீழ படுத்தாலும் நடுவுல இருக்கிற காங்கிரீட் தாங்காது' என்றது நான்தான். வாயில் வந்துவிட்டது, என்ன செய்ய. 'அந்த வீட்டுல ஒரு டம்ளரை எடுத்தா எடுத்த இடத்துலயே எடுத்த மாதிரியே திருப்பி வைக்கணும், நமக்கு ஒத்து வராது' என்று ஒரு பெண் குரல் கேட்டிருக்கும். அதுவும் நான்தான். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அதற்கு மேல் என்ன சொன்னோம் என்பதும் கேட்டிருக்க வேண்டுமே, அதையும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இந்த வீட்டில் மூன்று அறை எங்களுக்கு அதிகம். சாப்பிட்டு எழுந்தால் அப்புறம் சாயங்காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாசலில் ஏதாவது சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறோம். குறை சொல்லிக்கொண்டே போனாலும், நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் அத்தனையும் பேசினோம். எங்களுக்கு உங்களோடு வந்து இருக்க வேண்டும் சம்பந்தி. மன்னித்து, கூட்டிக்கொள்ளுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், அவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழட்டும்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மருமகளின் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் மெக்கானிக் வந்தார். இரைச்சலைச் சரி பண்ணக் கூப்பிட்டிருந்தேன். கூரையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த மைக்குக்குத் தனியா கரண்ட் குடுக்கணும்னு அன்னைக்கே சொல்ல வந்தேன் சார். இதுவரைக்கும் துளி கரண்ட் வரல. நீங்க உள்ள கத்தி அழுதிருந்தாலும் வெளிய ஒரு எழுத்து போயிருக்காது" என்றார். அவர் போனதும் மகள் கூப்பிட்டாள். "மாமா உங்களை ஒரேயடியாப் புகழ்றார்ப்பா. குறுக்க ஒரு வார்த்தை பேசாம பதினோரு நிமிஷம் அவர் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கதானாம். எதுக்குமே மறுப்பு சொல்லலையாமே. அன்னைக்கே வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். நாலு நாளா பெயிண்டர் கூடவே நிக்கிறார், உங்களைக் கூப்பிடக்கூட நேரமில்லை" என்றாள்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அதற்குள் என் மனைவி வாங்கிப் படித்துவிட்டாள். டம்ளர் பேச்சு அவளுடையது, அதை நான் சொன்னதாக எழுதியது தப்பு என்றாள். பிறகு, "அவரோட வந்து இருக்கணும்னு எழுதின அந்தப் பத்தியை நேர்ல போய்ச் சொல்ல உங்களால முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். அதை மட்டும் கத்தரித்து அனுப்பலாம் என்று பார்த்தால் தாளின் பின்பக்கம் குறட்டை விவகாரம் இருக்கிறது. திருப்பி எழுதவும் கை வரவில்லை. எனவே அப்படியே அனுப்புகிறேன்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்று மகள்தான் சொன்னாள். கீழ்த்தளம் எங்களுக்காம், சந்தோஷம். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் உங்களோடு பேசிக்கொண்டே நடக்க வருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறேனாம். வருகிறேன். செருப்பு போதுமா, ஷூ வாங்க வேண்டுமா என்று மட்டும் எழுதுங்கள்.