நண்பகல் பள்ளம்

வீட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டு "இந்த வீட்டில ஏதோ களவு நடக்குது" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் மெல்ல அடுப்படிக்குள் நழுவினேன். ஏனென்றால் அந்தக் கள்ளி நான்தான்.

என் வீட்டுக்காரரின் பெயர் வினோதன். கப்பல் கம்பனியில் கிளார்க். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டைமாடிச் சிலாப்பில் சோலார் பலகை பூட்டிய நாளிலிருந்து விஞ்ஞானி.

"சுபோ, முந்தி இதெல்லாம் பெரிய ஹோட்டல்காரருக்குத்தான். இப்ப விலை விழுந்து விழுந்து எங்கட சிலாப்புக்கே வந்திட்டுது. இனி வெயில் கரண்ட்தான் மலிவு!"

"மிளகாய் விலை மட்டும் ஏனப்பா விழுதில்ல?"

"விஞ்ஞானம் கதைக்கேக்க மிளகாயைக் கொண்டுவராதேயும்."

கொண்டுவராமல் என்ன செய்ய? சிலாப்பில் வெயில் படுகிற இடம் முழுவதையும் பலகைகள் பிடித்துக்கொண்டன. நான் மோர்மிளகாயை எங்கே காயவைப்பது? ஒருநாள் மகளை இடுப்பில் வைத்தபடி பலகையைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் சூடு! அவர் வேலைக்குப் போனபின், வெயில் ஏறியதும், கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்புவலையை விரித்து, மிளகாயைப் பரப்பினேன். கலகலவென்று காய்ந்தது; அவர் வருமுன் நாள்தோறும் சுருட்டிவிடுவேன். பக்கத்து வீட்டு மெற்றில்டா அன்ரி எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, என்ட சூடை மீனுக்கும் கொஞ்சம் இடம் தாருமே."

கொடுத்தேன். நல்ல மனுசி.

பலகைகள் எவ்வளவு கரண்ட் தருகின்றன என்று போனில் ஒரு கோடு காட்டுமாம். காலையில் மலைபோல் ஏறும் கோடு, நண்பகலில் பள்ளத்தில் விழுகிறதாம். அவர் வீட்டில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் மலை முழுதாக நிற்கிறதாம்.

"ஒரு பலகையில நிழல் விழுந்தாலும் முழு வரிசையும் சோருமெண்டு கம்பனிக்காரர் சொன்னவங்கள். எனக்கு விளங்கீட்டுது. பக்கத்து வீட்டு றேமண்ட் அங்கிளின்ட தண்ணித் தாங்கிதான்!"

"ஞாயிற்றுக்கிழமையில நிழல் இல்லையே?"

"அண்டைக்கு அவையள் கோயிலுக்குப் போகினம்."

"தாங்கியுமா?"

முறைத்தார். பிறகு பலகையைத் துடைக்கப் போய், விரலை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார்.

"உப்புப் படிஞ்சிருக்கு. மீன் மணமும் வருது."

"கடற்காத்துதானேப்பா" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் நேரே போய் றேமண்ட் அங்கிளிடம் தாங்கியைக் குற்றம் சாட்டினார். மெற்றில்டா அன்ரியின் வீட்டுக்காரர் அவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட மனுசன்.

"உங்களுக்கு நட்டமெண்டா நகர்த்திப்போடுறன் தம்பி."

ஞாயிறு பின்னேரம் அங்கிள் ஏணியோடு வந்துவிட்டார். என் அவர் கீழே நின்று "அந்தப் பக்கம் அங்கிள், அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி என்னைப் பார்த்தார். நீ சொல்லு, நீங்கள் சொல்லுங்கோ என்று கண்ணாலேயே தள்ளிக்கொண்டோம். ஏணியின் நடுவில் அங்கிளின் முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அங்கிள், இறங்குங்கோ! தாங்கி இல்ல, மோர்மிளகாய்!"

"சூடை மீனும்" என்றார் அன்ரி, மெல்லமாக.

என் அவருக்கு முகத்தில் கரண்ட் போய்விட்டது. அங்கிள் ஏணியில் நின்றபடியே யோசித்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் திண்ட கருவாடு உங்கட கரண்டா, தம்பி?"

அங்கிள் சிரித்தார். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வரவில்லை. என் அவர் மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. நாலு மிளகாய்க்காக ஒரு வயசாளியை ஏணியில் ஏற்றிவிட்டு நின்றவளல்லவா நான்! அன்றே நுளம்புவலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். இனிப் பலகைப் பக்கமே போவதில்லை.

சோறும் பருப்பும் வைத்தேன். அவர் சோற்றுக் கோப்பையின் ஓரத்தைத் தேடினார்.

"பொரிச்ச மிளகாய்?"

"முடிஞ்சுது. கடையில வாங்கவா?"

"கடை மிளகாய் வேண்டாம்."

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை. பருப்பை மட்டும் வெறித்துப் பார்த்தார்.

பிறகொரு நண்பகல், ஒபிசிலிருந்து போன் வந்தது.

"சுபோ, கோடு இண்டைக்கு மலை மாதிரி நிக்குது. ஒரு பள்ளமும் இல்ல."

"சந்தோசமப்பா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். யாருக்கும் கேட்கக்கூடாதென்று போனைக் கையால் பொத்தியிருப்பார் போல.

"நல்ல வெயில் சுபோ, வீணாப் போகுது. அந்த நுளம்புவலையை எடுத்துக் கொஞ்சம் மிளகாய் காயப் போடுமன். அன்ரியையும் கூப்பிடும்."