பார்க் எக்ஸ்டென்ஷனில் நடந்த லண்டன் இடைத்தேர்தல்

தனக்கு வாக்கில்லாத ஊரின் தேர்தலை வென்று கொடுப்பவர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். கலியாண வீட்டில் சோற்றுக் கோப்பையோடு உங்களை மூலைக்குத் தள்ளிச் சென்று, எந்த நாட்டில் எந்தக் கட்சி எதனால் தோற்றது, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எப்படி வென்றிருக்கும் என்று உங்கள் பாயசம் ஆறிப்போகும்வரை விளக்குவாரே, அவரேதான். தூரம் கூடக் கூட இவர்களுக்கு அறிவும் கூடும். சொந்தத் தெருவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தடுமாறுவார்கள்.

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் அரியரத்தினம்; எங்களுக்கெல்லாம் அண்ணை. மொன்றியலுக்கு வந்து முப்பது வருடமாகிறது. லண்டன் பக்கத்தில் ஒரு பரோவில், அதாவது நகரசபையில், கவுன்சிலர் ஒருவர் பதவி விலக, அந்த வட்டாரத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. அரியரத்தினத்தின் தம்பி மகள் றொஷினி சுயேச்சையாக நின்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பள்ளிக்கூட வாசலில் ஒரு பாதசாரிக் கடவை. அவளுடைய மகன் உட்பட இருநூறு பிள்ளைகள் தினமும் அந்தத் தெருவை ஓடிக் கடக்கிறார்கள்.

செய்தி வந்த நாளே அண்ணையின் வரவேற்பறை தேர்தல் அலுவலகமாயிற்று. டப்லெட்டில் அந்த ஊர்த் தெருப் படங்களைத் திறந்து, வீடு வீடாக விரலால் நடந்தார். எந்த வீட்டு மதில் சரிந்திருக்கிறது, எந்தச் சந்தியில் தெரு உடைந்து கிடங்கு விழுந்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. எங்கள் கட்டட வாசலிலும் ஒரு கிடங்கு இருக்கிறது. அதைச் சுற்றிச் செம்மஞ்சள் கூம்புகள் நின்று, பனி மூடி, பனி உருகி, இப்போது தெருவின் நிரந்தரக் குடிமக்கள் ஆகிவிட்டன. அண்ணை அவற்றைத் தினமும் சுற்றிக்கொண்டுதான் போவார். கண்டாரா? காணவில்லை.

"பிள்ளை, கடவையை விடு, கிடங்கைப் பற்றிக் கதை!" என்பார் தொலைபேசியில்.

"பெரியப்பா, இஞ்ச கிடங்கை எல்லாம் போன மாசமே மூடிட்டினம். உங்கட படம் பழசு."

"அப்ப திறக்கச் சொல்லிப் போராடு!"

இதற்கிடையில் ஒரு மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் துண்டுப் பிரசுரத்தோடு ஒரு பெண், மூச்சு வாங்க, "போன்ஜூர், மெஸ்யூ" என்று தொடங்கினாள். "மெர்சி, மெர்சி, ஒண்டும் வேண்டாம். நான் இஞ்ச தேர்தல் வேலையில நிக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வாக்களிப்பு நாள் வியாழக்கிழமை. அங்கே இரவு பத்து மணிக்குச் சாவடி மூடும்; இங்கே அப்போது மாலை ஐந்து. அண்ணை தேநீரும் போனுமாக உட்கார்ந்து, அந்த வட்டாரத்தில் தெரிந்த தமிழர் அத்தனை பேரையும் அழைத்தார். கடைசியாக றோஸ்மேரி ரீச்சர். வயது எண்பது தாண்டிவிட்டது. சாவடி அவர் வீட்டுக்கு எதிர்ப்புறம்.

"ரீச்சர், ஒரு வாக்கின்ர பெறுமதி தெரியுமோ?"

"தெரியும் தம்பி. சாவடியில காட்டப் பாஸ்போட்டையும் எடுத்திட்டன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில நிக்கிறன்."

"நில்லுங்கோ, இதைக் கேட்டிட்டுப் போங்கோ."

1931இல், டொனமூர் அரசியலமைப்பு வந்த காலத்தில், யாழ்ப்பாணத்தார் தேர்தலைப் பகிஷ்கரித்ததிலிருந்து தொடங்கினார். ஒரு வாக்கு போடாமல் விட்டதால் நம்மினம் இழந்தவை என்ன, ஒரு வாக்கால் கவிழ்ந்த அரசுகள் எவை, ஒரு வாக்கு என்பது வெறும் கடுதாசியா அல்லது மனிதனின் மூச்சா என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். ரீச்சர் பழைய காலத்து மனுசி. கதைத்துக்கொண்டிருப்பவரை வெட்டிப் போனை வைக்க அவருக்குத் தெரியாது. "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றார். பிறகு மெல்ல, "தம்பி, எதிர்ப்பக்கம் சாவடியில லைட்டை நூத்திட்டினம்" என்றார்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் றொஷினி அழைத்தாள். அவளுக்கும் எதிர்த்து நின்றவருக்கும் சம வாக்கு. மூன்று தரம் எண்ணியும் சமம். கடைசியில் அதிகாரி இரண்டு பெயரையும் உறையில் போட்டு ஒன்றை இழுத்தாராம். வந்தது மற்றவர் பெயர்.

"ஒரே ஒரு வாக்கு, பிள்ளை!" என்று அண்ணை மேசையில் குத்தினார். "அந்த ஒண்டைப் போடாமல் விட்ட மடையன் ஆர்?"

"றோஸ்மேரி ரீச்சர், பெரியப்பா. நீங்கள் கதைச்சு முடிக்கேக்க சாவடி பூட்டியாச்சாம்."

அண்ணையின் மனைவி பிலோமினம்மா பிட்டை வைத்த கையோடு அப்படியே நின்றார். அண்ணை குத்திய கையாலேயே கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சினார்.

"அழாதையுங்கோ பெரியப்பா. மே மாசம் முழுச் சபைக்கும் தேர்தல். திரும்ப நிக்கிறன். ஒரு உதவி செய்வியளோ?"

"சொல்லு பிள்ளை! உயிரையும் தாறன்!"

"உயிர் வேண்டாம். போனைத் தாங்கோ. பெரியம்மாவிட்ட."

போனைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் உபவாசம் இருப்பவர் போலக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிலோமினம்மா கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"வாறியளே, வோட்டுப் போட?"

"அது முடிஞ்சுதெல்லே?"

"இஞ்சத்தை இடைத்தேர்தல். எங்கட பரோ. இண்டைக்குத்தான்."

"இஞ்சயும் பரோ இருக்கோ?"

போனார்கள்; நானும் கூடப் போனேன். வரிசையில் முன்னால் நின்ற இளைஞனுக்கு அண்ணை ஒரு வாக்கின் பெறுமதியைத் தொடங்கியபோது, பிலோமினம்மா அவரைத் தோளில் பிடித்து உள்ளே தள்ளினார். உள்ளே நாலு பெயர். நாலும் அவருக்குப் பிரெஞ்சாகவே தெரிந்தன. வெளியே வந்தவரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"வாசிக்கச் சுகமாய் இருந்த பேருக்கு" என்றார், முகம் சிவக்க.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சென்னையிலும் வாஷிங்டனிலும் அடுத்து யார் வருவார்கள் என்று நேற்றுக்கூட நீங்கள் எனக்கு விளக்கினீர்களே, அழகாகவே விளக்கினீர்கள். ஒரு சின்னக் கேள்வி: உங்கள் வட்டாரக் கவுன்சிலரின் பெயர் என்ன?

போனைக் கீழே வையுங்கள். பார்க்காமல் சொல்லுங்கள்.